பாஸ்போர்ட் எந்த நாடு, டீச்சர்?

ஆங்கிலம் கற்பிக்க அயல்நாடு போகிறவர்களிடம் உலகம் கேட்கும் முதல் கேள்வியும், அந்தக் கேள்வி செய்த கெடுதலும்

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்காத தெருவைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். மாடியில் ஒற்றை அறை. சுவரில் தொங்கிய கோமதி அம்மன் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைப் போர்வை ஒன்றை ஆணியில் மாட்டியிருந்தார் அந்த இளம்பெண். லேப்டாப்புக்குக் கீழே பிளஸ் டூ வகுப்பின் தடித்த நோட்ஸ் நாலைந்து. கேமரா முகத்துக்கு நேராக வர அதுதான் உயரம் சரியாக இருந்ததாம். ஹோ சி மின் நகரத்தில் உள்ள ஓர் ஆங்கிலப் பயிற்சி மையத்திலிருந்து நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள்.

"நீ பேசி முடிக்கிற வரைக்கும் தறிய நிப்பாட்டிட்டேம்மா" என்று படியில் நின்று சொல்லிவிட்டுப் போனார் அப்பா. எதிர்வீட்டுத் தறியை அவர் நிறுத்த முடியாதே! அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., ஒரு மெட்ரிக் பள்ளியில் சில வருட அனுபவம். எல்லாச் சான்றிதழும் பிளாஸ்டிக் கவரில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எதிர்முனையில் பேசியவர் நல்ல மாதிரி. 'பாஸ்ட் டென்ஸை எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித்தருவீர்கள்?' என்று கேட்டார். இவர், நேற்று சாப்பிட்டதையும் இன்று சாப்பிடுவதையும் வைத்து ஒரு விளையாட்டைச் சொன்னார். மறுமுனை சிரித்தது, பாராட்டியது. அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட் எந்த நாடு என்ற கேள்வி வந்தது. "இந்தியா" என்றதும் உரையாடலின் சூடு இறங்கியது. மணிக்கணக்குச் சம்பளத்தில் இரண்டு பட்டியல் உண்டு, உங்களுக்கு இரண்டாவது பட்டியல், அதிலும் இப்போது இடமில்லை, சொல்லி அனுப்புகிறோம் என்று முடித்துக்கொண்டார்கள்.

லேப்டாப்பை மூடிவிட்டு அவர் என்னிடம் கேட்டார்: "சார், நான் தப்பா எதுவும் பேசலையே?"

தப்பே இல்லை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் வட்டாரத்தில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வெளிநாட்டு ஆசிரியர் வேலைக்கு முயலும் யாரைக் கேட்டாலும் இதே கதையை வேறு ஊர் பெயரோடு சொல்வார்கள்.

ஏழு நாடுகளின் வாய்

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் ஆசிரியருக்கான 'இ-2' விசா, அடிப்படையில் ஏழு நாட்டவருக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த நாடுகளின் பாஸ்போர்ட்டும் ஏதாவது ஒரு பட்டமும் இருந்தால் தனியார் டியூஷன் மையத்தில் வேலை கிடைத்துவிடும். ஏதாவது ஒரு பட்டம் என்றால் மெய்யாகவே ஏதாவது ஒன்றுதான். கடல் உயிரியல் படித்தவரும் வரலாம், ஹோட்டல் நிர்வாகம் படித்தவரும் வரலாம்.

பட்டியலில் தென்னாப்பிரிக்கா இருப்பதைக் கவனியுங்கள். அந்நாட்டு மக்கள்தொகைக் கணக்குப்படி வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவர்கூட இல்லை. வீட்டில் ஜுலு பேசி, பள்ளியில் ஆங்கிலம் படித்த ஒருவரைக் கொரியா ஏற்கிறது. ஏற்கட்டும், அதில் தவறில்லை. அதே மாதிரி வீட்டில் தமிழ் பேசி, எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழியில் படித்தவரை ஏன் ஏற்கவில்லை என்பதற்குத்தான் மொழியியலில் பதில் கிடையாது.

முழுக் கதவும் சாத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான விரிவான பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பட்டமும் ஆங்கில ஆசிரியர் தகுதியும் உள்ள இந்தியர்கள் துணை ஆங்கில ஆசிரியராகப் போக அதில் வழி இருக்கிறது. எம்.ஏ., பி.எட். வைத்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நான் விசாரித்தவர்களில் ஒருவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

சீனாவும் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாட்டின் குடிமக்களைத்தான் மொழி ஆசிரியர் வேலைக்கு விரும்புகிறது. ஜப்பான் கொஞ்சம் நியாயமாக நடந்துகொள்கிறது: தாய்மொழி ஆங்கிலம் இல்லையென்றால் 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறது. தாய்லாந்தில் நம்மைப் போன்றவர்கள் டோயிக் ஆங்கிலத் தேர்வில் 600 மதிப்பெண் காட்ட வேண்டும். வியட்நாம் அரசு விதிப்படி பட்டமும் கற்பித்தல் சான்றிதழும் வெள்ளைக்காரரிடமும் கேட்கப்படுகிறது. நம்மவரிடம் மொழித்திறன் சான்றும் சேர்த்துக் கேட்கிறார்கள். ஆக, பல இடங்களில் சட்டம் அவ்வளவு மோசமில்லை. சம்பளப் பட்டியலை இரண்டாகப் பிரிப்பது சட்டம் அல்ல, சந்தை. 'எங்கள் மையத்தில் வெளிநாட்டு ஆசிரியர்' என்று வாசலில் பேனர் வைத்தால் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள், பேனரில் இருக்கும் முகம் பொன்னிற முடியோடு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். முதலாளி அந்த முகத்தைத் தேடுகிறார்.

பெயர் கெட்டது இப்படித்தான்

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் என்றால் ஆசியாவில் இரண்டு படம் உண்டு. ஒன்று பேனரில் சிரிக்கும் முகம். இன்னொன்று, சொந்த ஊரில் வேலை கிடைக்காமல் முதுகுப்பையோடு வந்து, பகலில் பாடமும் இரவில் பாருமாகக் காலம் தள்ளும் ஆள். இரண்டாவது படம் சும்மா வந்துவிடவில்லை.

2007 அக்டோபரில் தாய்லாந்தின் கோராட் நகரத்தில் கனடா நாட்டு ஆங்கில ஆசிரியர் ஒருவர் கைதானார். சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்து, படம் எடுத்து, தன் முகத்தை மட்டும் சுழல் போல் கலைத்து இணையத்தில் விட்டிருந்தார். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அந்தச் சுழலைப் பிரித்து முகத்தை மீட்க, இன்டர்போல் முதன்முறையாக உலக மக்களிடம் நேரடியாகப் படத்தைக் காட்டி உதவி கேட்டது. சில நாட்களில் ஆள் சிக்கினார். அதற்கு முன்பு அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தது தென்கொரியாவில்.

கொரியாவில் ஏற்கெனவே வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு எதிராகக் குழு அமைத்துப் பிரசாரம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அரசு சும்மா இருக்க முடியுமா? குற்றப் பின்னணிச் சான்று கேட்டது. அது தேவையானது, முன்பே கேட்டிருக்க வேண்டியது. கூடவே போதைப்பொருள் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் கட்டாயம் என்றது. கொரிய ஆசிரியர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உல்சான் நகரில் பணியாற்றிய நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுபடியும் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்று மறுக்க, வேலை போனது. அவர் ஐ.நா.வின் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழு வரை போனார். 2015-ல் குழு அவர் பக்கம் நின்றது. 2017-ல் கொரியா எச்.ஐ.வி. பரிசோதனையைக் கைவிட்டது.

இந்த நீண்ட வழக்கில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். இத்தனை வருடமும் ரத்தத்தைச் சோதித்தார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 'இவருக்குப் பாடம் நடத்தத் தெரியுமா?' என்று யாரும் சோதிக்கவில்லை. பாஸ்போர்ட்டைத் தகுதி என்று வைத்தால், பாஸ்போர்ட் மட்டுமே இருப்பவர்கள் வரத்தான் செய்வார்கள். அவர்களில் ஒருவர் மோசமாக நடந்துகொண்டால், ஒழுங்காகப் பயிற்சி பெற்று, பிள்ளைகள் மேல் அக்கறையோடு பத்து இருபது வருடம் ஒரே ஊரில் வேலை பார்க்கும் நல்ல ஆசிரியரின் பெயரும் சேர்ந்து கெடும். அப்படிப்பட்ட நல்லவர்கள் ஏராளம். கெட்ட பெயரின் கூலியை அவர்கள்தான் கட்டுகிறார்கள்.

---
120 மணி நேரம்

வெளிநாட்டு ஆங்கில ஆசிரியர் விளம்பரங்களில் திரும்பத் திரும்ப வரும் எண் 120. கேம்பிரிட்ஜ் வழங்கும் 'செல்டா' பயிற்சியின் கால அளவு சுமார் அவ்வளவு. முழுநேரமாகப் படித்தால் நான்கைந்து வாரம். அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறை எழுதுவார். இதே 120 மணி நேரத்தை ஆன்லைனில், ஒரு மாணவரைக்கூடப் பார்க்காமல், தள்ளுபடி விலையில் முடித்துத் தரும் நிறுவனங்களும் ஏராளம். இரண்டு சான்றிதழும் தாளில் ஒரே மாதிரி இருக்கும். நம்மூர் பி.எட். இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. பள்ளியில் போய்ப் பாடம் நடத்தும் பயிற்சி மட்டுமே வாரக்கணக்கில் நடக்கும்.
---

நமக்குச் சொல்லித்தந்த அயல்நாட்டார்

ஆங்கிலத்தைச் சொல்லித்தர ஆங்கிலேயன்தான் வேண்டுமா? தமிழ்நாட்டு வரலாறு இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது.

தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களிலும் 1780-களில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பள்ளி வைக்க முன்னின்றவர் மிஷனரி சி.எஃப். சுவார்ட்ஸ். அவர் ஆங்கிலேயர் அல்ல, பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். இங்கே வந்த பிறகு, திருச்சிக் கோட்டையில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்களுக்கு ஊழியம் செய்வதற்காக ஆங்கிலத்தில் தேறியவர். இன்றைய கொரிய விசா விதிப்படி அவருக்கு அனுமதி கிடைத்திருக்காது.

1789-ல் எழும்பூர் ஆண்கள் அநாதை விடுதிக்குத் தலைமை ஏற்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தருவதையும் பார்த்தார். அதையே தம் விடுதியில் கொண்டுவந்தார். பிறகு அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்கே போய் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரவியது. கற்றுக்கொடுக்க வந்தவர் கற்றுக்கொண்டு போன கதை இது.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-களின் கடைசியில், பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. ஆங்கிலம் தொடங்கி வைக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி. நேராக அத்தனை பேரையும் சந்திக்க முடியாது என்பதால், கொஞ்சம் பேருக்குப் பயிற்சி தந்து, அவர்கள் அடுத்தவர்களுக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடு. உருண்டு உருண்டு பெருகும் என்பதால் 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்கள். சென்னை வெயிலில் பனிப்பந்து! வெளிநாட்டு நிபுணர் வடித்த முறை கடைசிக் கிராமத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது, வாக்கிய அமைப்பை வகுப்பே சேர்ந்து கத்தும் பழக்கமாகச் சுருங்கியிருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை என்.எஸ். பிரபுவுடையது. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அதிகாரியாக இருந்த இந்தியர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பகுதியின் சாதாரணப் பள்ளிகளில், இலக்கணத்தை நேரடியாக நடத்தாமல், ரயில் கால அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து, அதில் ஒரு வேலையை முடிக்க வைத்து ஆங்கிலம் கற்பிக்கும் பரிசோதனையை நடத்தினார். இன்று லண்டனிலும் பாங்காக்கிலும் 120 மணி நேரப் பயிற்சியில் முக்கியமாகச் சொல்லித்தரப்படும் 'டாஸ்க்' வழிக் கற்பித்தலுக்கு முன்னோடி அந்தப் பரிசோதனைதான். முறை எங்கள் வகுப்பறையிலிருந்து போனது, ஆசிரியர் மட்டும் போகக் கூடாதா?

தீவுகளுக்குப் போன சார்கள்

ஆனால் நம்மவர்கள் போயிருக்கிறார்கள், அதுவும் கூட்டம் கூட்டமாக. இத்தாலிய ஆக்கிரமிப்பிலிருந்து 1941-ல் மீண்ட எத்தியோப்பியாவில் பேரரசர் ஹெய்லி செலாசி பள்ளிகளைத் திறந்தபோது, இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை அழைத்தார். மலை ஊர்ப் பள்ளிகள் வரை தென்னிந்திய ஆசிரியர்கள் போனார்கள். நைஜீரியா 1976-ல் அனைவருக்கும் தொடக்கக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்ப் பணம் புரண்ட காலம், தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் ஆசிரியர்கள் கிளம்பினார்கள். 1980-களின் நடுவில் எண்ணெய் விலை சரிந்து நைரா மதிப்பு விழுந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

நெல்லைச் சீமைக்கு மிக அருகில் இருந்தது மாலத்தீவு. தூத்துக்குடியிலிருந்து தோணியில் வெங்காயமும் கட்டுமானப் பொருளும் போகும் நாடு. சங்கரன்கோவிலிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகத் திருவனந்தபுரம் போய்விட்டால் விமானத்தில் ஒரு மணி நேர தூரம்தான். 1960-களில் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்றிய அந்நாட்டுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முதலில் இலங்கையிலிருந்தும் பிறகு கேரளம், தமிழ்நாட்டிலிருந்தும் போனார்கள். அங்குள்ள ஆசிரியர்களில் சுமார் கால் பங்கினர் இந்தியர்கள், பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலை வகுப்புகளில் என்று மாலேயில் உள்ள நம் தூதரகமே சொல்லியிருக்கிறது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது இவர்கள்தான். நம்மூர் பி.எட். பட்டத்தைப் பார்த்து வேலை தந்த நாடு அது. பாஸ்போர்ட்டின் நிறத்தை யாரும் கேட்கவில்லை.

அங்கேயும் கஷ்டம் உண்டு. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடும் தீவில் இரண்டு வருட ஒப்பந்தம். கடல் கொந்தளித்தால் படகு வராது, காய்கறியும் வராது. டாலர் தட்டுப்பாட்டால் சம்பளத்தில் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம் என்பதற்கே மாத வரம்பு. இப்போது மாலத்தீவுப் பிள்ளைகளே படித்துப் பயிற்சி பெற்று ஆசிரியராகிறார்கள். அவர்களுக்கு முன்னுரிமை கிடைப்பது நியாயம். அதனால்தான் நம் பிள்ளைகளின் பார்வை வியட்நாம், தாய்லாந்து பக்கம் திரும்பியிருக்கிறது.

---
ஒரு டிகிரி சர்டிபிகேட்டின் பயணம்

சங்கரன்கோவில் பெண்ணின் பட்டம் அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தினுடையது. அது வெளிநாட்டில் செல்லுபடியாக, முதலில் மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. கொரியா, ஜப்பான் போன்ற ஹேக் உடன்படிக்கை நாடுகளுக்கு 'அப்போஸ்டில்' ஒட்டினால் முடிந்தது.  உடன்படிக்கைக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் முத்திரையும் தனியாக வேண்டும். இதெல்லாம் போகும் முன்பே செய்ய வேண்டிய வேலை. அங்கே போன பிறகு செய்யலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.
---

ஏஜென்ட் சொல்லும் பொய்

'டூரிஸ்ட் விசால போங்க, அங்க போய் மாத்திக்கலாம்.' இந்த ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம். தாய்லாந்துக்கு இந்தியர்கள் விசா இல்லாமலே போகலாம் என்று வந்த பிறகு இது இன்னும் சுலபமாகிவிட்டது. உரிய விசாவும் வேலை அனுமதியும் இல்லாமல் வகுப்பில் நின்றால் அது சட்டவிரோத வேலை. சம்பளம் தராவிட்டால் புகார் கொடுக்கப் போக முடியாது, போனால் முதலில் மாட்டுவது புகார் கொடுத்தவர்.

பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். ஆனால் நம் குடிபெயர்வுச் சட்டம் 1983-ல் கூலித் தொழிலாளிகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பத்தாம் வகுப்பு தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை. இது சலுகை போலத் தெரியும். விளைவோ வேறு: வளைகுடாவுக்குப் போகும் கொத்தனாரின் ஒப்பந்தத்தை அரசு அதிகாரி ஒருவர் பார்க்கிறார், ஹனோய்க்குப் போகும் எம்.ஏ. பட்டதாரியின் ஒப்பந்தத்தை எவரும் பார்ப்பதில்லை. படித்தவர் தானே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. எம்.ஏ. ஆங்கிலத்தில் ஷேக்ஸ்பியரை நோட்ஸிலும் மில்டனை கைடிலும் படித்து, ஐந்து நிமிடம் தடங்கலின்றி ஆங்கிலத்தில் உரையாட முடியாமல் வெளியே வருகிறவர்கள் உண்டு. பாடத்தைப் 'பாரா பாராவாக' தமிழில் சொல்லி முடிப்பதையே பாடம் நடத்துவது என்று நினைக்கிற பள்ளிகள் உண்டு. இவர்களை வியட்நாம் மையம் நிராகரித்தால் பாகுபாடு என்று கொடி பிடிக்க முடியாது. நான் கேட்பது அதே அளவுகோலை எல்லோருக்கும் வையுங்கள் என்பதுதான். பத்து நிமிடப் பாடத்தை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். தமிழரோ டெக்ஸாஸ்காரரோ, தெரியாதவர் தானாக நின்றுவிடுவார்.

எதிர்த்து எழுதிய தமிழர்கள்

இந்தச் சண்டையைக் கல்வி உலகத்தில் நடத்தியவர்களில் நம்மவர்கள் முக்கியமானவர்கள். 1990-களின் போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் நடத்திய சுரேஷ் கனகராஜா, பிறகு அமெரிக்கா போய், ஆங்கிலம் கற்பித்தலில் உள்ள மேலாதிக்கத்தை எதிர்த்து 1999-ல் நூல் எழுதினார். அத்துறையின் முதன்மை ஆய்விதழான டெசோல் குவார்ட்டர்லிக்கே ஆசிரியராகவும் இருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த பா. குமரவடிவேலு, அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மேற்கில் வடித்த ஒரே 'மெத்தட்' எல்லா ஊருக்கும் பொருந்தாது, வகுப்பறையில் நிற்கும் ஆசிரியரே முறையை உருவாக்கத் தகுதியானவர் என்று வாதிட்டவர். இலங்கையரான ஜார்ஜ் பிரெய்ன், தாய்மொழி ஆங்கிலம் அல்லாத ஆசிரியர்களுக்காக 1990-களின் இறுதியில் சர்வதேச ஆங்கில ஆசிரியர் சங்கத்துக்குள் தனிக் குழு அமையக் காரணமானார். அந்தச் சங்கம், பிறப்பு மொழியை வைத்து ஆசிரியரைப் பாகுபடுத்தக் கூடாது என்று 2006-ல் அறிக்கை வெளியிட்டது.

அறிக்கை வந்து இத்தனை வருடமாகியும் 'நேட்டிவ் மட்டும்' விளம்பரங்கள் நிற்கவில்லை. பிரிட்டன் 2023-ல் இந்திய பி.எட். ஆசிரியர்கள் அங்கே தகுதிநிலை பெற விண்ணப்பிக்கலாம் என்று கதவைத் திறந்தது. கணிதம், அறிவியல், மொழிகள் நடத்துவோருக்கு மட்டும். மொழிகள் என்றால் பிரெஞ்சு, ஸ்பானிஷ் வகை.

இந்தியாவும் தன் பங்குக்கு ஒரு விதி வைத்திருக்கிறது. இங்கே வேலை விசாவில் வரும் வெளிநாட்டவருக்கு ஆண்டுச் சம்பளம் குறைந்தது 16.25 லட்சம் ரூபாய் இருக்க வேண்டும். மொழி ஆசிரியர்களுக்கு விலக்கு உண்டு, ஆங்கில ஆசிரியர்களுக்குக் கிடையாது. ஜப்பானியம் சொல்லித்தர ஜப்பானியர் குறைந்த சம்பளத்துக்கு வரலாம், ஆங்கிலம் சொல்லித்தர எங்களிடம் ஆள் இருக்கிறது என்று அரசே விதியில் சொல்லாமல் சொல்லியிருக்கிறது. அந்த நம்பிக்கையோடு வெளியே போய்ப் பேசியதா?

ஒருமுறை பேசியது, கொரியாவோடு. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தில் சமையல் கலைஞர், யோகா ஆசிரியர், இசைக் கலைஞர் என்று ஆண்டுக்கு 1,800 பேர் போக வழி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். ஆசியான் நாடுகளோடு சேவைத்துறை ஒப்பந்தம் 2014-லேயே கையெழுத்தாகிவிட்டது. வியட்நாமும் தாய்லாந்தும் அதில்தான் இருக்கின்றன. அடுத்த முறை உட்காரும்போது ஆங்கில ஆசிரியர் என்ற வரியைச் சேர்க்கச் சொல்ல தென்காசி, திருநெல்வேலி எம்.பி.க்களுக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.